பதினோரு விநாடிக் கால்கள்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். இது என் கற்பனையில் உதித்ததல்ல. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு உறைக்குள் கிடக்கிறது. மூன்று நாளாகக் கிடக்கிறது. நேற்று அதன் மேல் மோர் சிந்திவிட்டது.

தொலைக்காட்சித் தொடர்களில் முகம் காட்டுகிறவர்களுக்கு விருது கொடுக்க ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். அந்த முகத்துக்குப் பவுடர் போடுகிறவருக்கும், விளக்கு வைக்கிறவருக்கும், ஒலி பதிகிறவருக்கும் ஒரே ஒரு சங்கம்தான் வருடாவருடம் விருது தருகிறது. (சங்கத்துக்கு ஒரு பொய்ப் பெயர் வைத்தேன். நிஜம்போல் இருந்ததால் எடுத்துவிட்டேன்.) இந்த வருடம் ஒப்பனைப் பிரிவின் மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். "உனக்குத் தலை வாரவே தெரியாது, உன்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று என் மனைவி கேட்டாள். எழுத்தாளர் ஒருவர் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

வந்த இருபத்துமூன்று பதிவுகளில் பதினேழாவது, தேவநாதன் என்ற ஒப்பனைக் கலைஞருடையது. பதினோரே விநாடி. உப்பளத்து வரப்பிலிருந்து ஒரு பெண்ணின் கால்கள் பாத்திக்குள் இறங்குகின்றன. குதிகாலெல்லாம் வெடிப்பு. ஏழாவது விநாடியில் உப்புத் தண்ணீர் வெடிப்பைத் தொடுகிறது, விரல்கள் சட்டென்று உள்ளே சுருங்குகின்றன, மறுபடி விரிகின்றன. அவ்வளவுதான். முகமே கிடையாது.

மற்ற இரண்டு நடுவர்களும் "ஆகா" என்றார்கள். சும்மா இருந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்: "இது மேக்கப்பா, நிஜக் காலேதானா?"

விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது: உடலின் இயல்பான தோற்றத்தை அப்படியே காட்டினால் அது ஒப்பனைப் பிரிவில் சேராது. ஆகவே அந்தக் காலுக்குச் சொந்தக்காரரிடமிருந்து, "இது ஒப்பனைதான்" என்று ஒரு கடிதம் வாங்கி வரும்படி தேவநாதனிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் சங்க அலுவலகத்துப் பிரியதர்ஷினி. சொல்ல வைத்தவன் நான். அந்தக் கடிதம்தான் உறைக்குள் இருப்பது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மரக்காணத்து உப்பளங்களின் மேல் சூரியன் வெள்ளியை உருக்கி ஊற்றிய—"

வேண்டாம். அங்கே பன்னிரண்டு மணிக்கு நின்று பார்த்தவன் வெள்ளி, தங்கம் என்றெல்லாம் எழுதமாட்டான். கண் கூசும், தொண்டை காயும், நிழல் எங்கே என்று தேடுவான். நான் போன வாரம் போய் நின்றேன். (நடுவர்கள் போட்டியாளர் தரப்பில் யாரையும் சந்திக்கக் கூடாது. சந்திக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு டீ குடித்து, ரோட்டிலிருந்தே பாத்திகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அது சந்திப்பு ஆகாது என்று நினைக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: "இருபத்தாறு வருடங்களாக மற்றவர்களின் முகங்களில் வாழ்ந்த தேவநாதன்—"

இதுவும் வேண்டாம். மற்றவர்களின் முகத்தில் யாரும் வாழ்வதில்லை. அவர் சாலிகிராமத்தில் வாடகை வீட்டில் வாழ்கிறார்.

மூன்றாவதுதான் நின்றது. அது இது: தேவநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று முறை இதே விருதின் இறுதிப் பட்டியல்வரை வந்து, மூன்று முறையும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர். மூன்றாவது முறை, சட்டைப்பையில் நன்றியுரை எழுதி வைத்திருந்தார். அது அப்படியே சலவைக்குப் போய்விட்டது.

இந்த விருது அவருக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். இதை மறைத்து அவரைப் பற்றற்ற கலைஞராக்கினால் கதை கெட்டுவிடும்.

3.

போன ஏப்ரல் மாதம். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய தொடர் அது. கதாநாயகி நல்ல நடிகை, ஆனால் பாத்தித் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னது நியாயம்தான், அந்தத் தண்ணீர் அப்படி. கால்களுக்கு மட்டும் வேறு ஆள் தேடினார்கள்.

இடம் பார்க்க வந்தபோதே இயக்குநரின் கண்ணில் பட்டவர் வைஜெயந்தி. நாற்பத்தைந்து வயது, பதினெட்டு வருடமாக அதே அளத்தில் வேலை. உதவி இயக்குநர் அரவிந்தன் அவர் காலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "வியாழக்கிழமை வந்துடுங்கம்மா. உங்க காலை டிவில காட்டப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரவிந்தன் அதோடு நிறுத்தியதுதான் தப்பு. 'இப்படியே வாங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அது சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டார். உலகத்தில் எந்தப் பெண்ணிடமாவது, உன்னைப் படம் பிடிக்கப் போகிறோம், வியாழக்கிழமை வா என்று சொல்லிப் பாருங்கள்!

வைஜெயந்தி மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. வெந்நீரில் கால் ஊறவைத்தார். செங்கல்லில் தேய்த்தார். மெழுகுவத்தியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி, ஒவ்வொரு வெடிப்பிலும் ஊற்றி, ஆறவைத்து, மறுபடி ஊற்றி, விரலால் வழித்துச் சமன் செய்தார். அதன் மேல் மருதாணி. மகள் சந்தியாவின் கொலுசு. வியாழக்கிழமை காலை, மருமகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, புழுதி படாமல் இரண்டு பாதங்களையும் ஒரு மஞ்சப்பைக்குள் விட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

(மருதாணிவரை உண்மை. தேவநாதன் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னதாகப் பிரியதர்ஷினி சொன்னார். மெழுகு பற்றி அப்போது அவர் மூச்சுவிடவில்லை, அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மஞ்சப்பை நான் சேர்த்தது. ஆனால் ஒரு மஞ்சப்பை இருந்தே தீரும் என்று பந்தயம் கட்டுவேன்.)

பையிலிருந்து கால்கள் வெளியே வந்தன. யூனிட் மொத்தமும் நின்று பார்த்தது.

"யாருய்யா இந்தக் காலை இப்படிப் பண்ணது?" என்று இயக்குநர் கத்தினார்.

வைஜெயந்திக்குப் பாராட்டாகத்தான் கேட்டது. "நானேதாங்க" என்றார், வெட்கத்தோடு.

பிறகு அரவிந்தன் வாங்கிக் கட்டிக்கொண்டதை விட்டுவிடுகிறேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இயக்குநர் தேவநாதன் பக்கம் திரும்பி, போனில் இருந்த படத்தைக் காட்டினார். "எனக்கு இந்தக் கால் வேணும். பத்து நிமிஷம்."

தேவநாதன் பெட்டியைத் திறந்தார். பத்து நிமிடத்தில் அந்தக் கால் வந்தது. ஒரே டேக்கில் ஓகே. 'விரல் சுருங்குச்சு பாத்தீங்களா, அய்யோ!' என்று இயக்குநர் குதித்தார்.

அந்தப் பத்து நிமிடத்தை இப்போது எழுதவில்லை. ஐந்தாம் பகுதியில் வரும்.

4.

வைஜெயந்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவரை அழவைத்தேன். 'என் கால் இவ்வளவு கேவலமா' என்று வரப்பில் உட்கார்ந்து விம்முவதாக ஒரு பக்கம். எழுதிவிட்டு நானே மூக்கைச் சிந்தினேன். மறுநாள் காலையில் படித்தால், அது வைஜெயந்தியே இல்லை. அழுததெல்லாம் நான்.

உண்மையில் நடந்தது வேறு. அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள், மகளின் மாமியார் அருக்காணி வானூரிலிருந்து போன் செய்தார்.

"ஏங்க சம்பந்தி, டிவில உங்க காலாமே. இம்மாம் வெடிப்பா இருக்குது? கல்யாணத்துல பாத்தப்போ இப்டி இல்லியே?"

"ஐய, அது மேக்கப்புங்க. ஒருத்தரு பெரிய பொட்டி எடுத்தாந்து, உக்காந்து போட்டாரு. என் காலு அப்பிடியா இருக்குது?"

அன்றிலிருந்து தெருவில் எல்லோருக்கும் அதுதான் பதில். 'அது மேக்கப்.' சந்தியாவே நம்பிவிட்டாள் என்று எழுதலாமா? வேண்டாம். பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் கால் தெரியாதா? தெரிந்தும், கேட்பவர்களிடம் அவளும் அப்படியே சொன்னாள்.

(கவனியுங்கள்: இப்போது இரண்டு பேருக்கு அந்தக் கால் ஒப்பனையாக இருந்தாக வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு விருதுக்காக. இன்னொருவருக்குச் சம்பந்தி வீட்டுக்காக. சந்தேகப்படுகிறவன் நான் ஒருவன்தான்.)

5.

ஜனவரி. மழை முடிந்து அளங்களில் புது வேலை தொடங்கிய நேரம். தேவநாதன் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி மரக்காணத்தில் இறங்கி, விசாரித்து நடந்து, வரப்பில் போய் நின்றார். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வெறுங்காலால் பாத்தியை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மிதித்தால்தான் களிமண் தரை இறுகும், இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். கால்கள் எல்லாம் சேற்றில் இருந்ததால் எது வைஜெயந்தி என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தை அவர் அன்று சரியாகப் பார்க்கவே இல்லை.

வைஜெயந்திதான் முதலில் பார்த்தார். "அட, மேக்கப் சார்! என்னா சார் இவ்ளோ தூரம்?"

தேவநாதன் விஷயத்தைச் சொன்னார். விருது, நடுவர்கள், சந்தேகம், கடிதம். சொல்லி முடிப்பதற்குள் வைஜெயந்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"எழுதித் தர்றேன் சார், அதுக்கென்ன? மேக்கப்புதான்னு எழுதணும், அவ்ளோதானே? சீல் வெப்பாங்களா?"

"எதுல?"

"அந்த லெட்டர்லதான். ஒரு காப்பி எனக்கு சீல் வெச்சுத் தரச் சொல்லுங்க சார். எங்க சம்பந்தி வூட்ல காட்டணும். வாயால சொன்னா நம்புறாங்களா இல்லியான்னே தெரியல."

"கடிதத்தை ஏத்துக்கிட்டாங்கன்னா, சீல் வெச்சு உங்களுக்கு ஒரு காப்பி வரும்மா. அவங்களே சொன்னாங்க."

வைஜெயந்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். தேவநாதன் காகிதமும் பேனாவும் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் காத்திருந்த மனுஷன், இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா! (நான் சொல்கிறேன் பாருங்கள், வாயைத் திறந்து எல்லாவற்றையும் ஆரம்பித்தவன்.)

"அம்மா, அன்னிக்கி நான் மேக்கப் போடலம்மா."

வைஜெயந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போட்டதை எடுத்தேன். அவ்ளோதான் நான் செஞ்சது."

இதுதான் அந்தப் பத்து நிமிடம். தேவநாதன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, மெழுகை இளக்கி, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் தோண்டி எடுத்தார். மூன்று நாளாக மூடியிருந்த வெடிப்புகள் திறந்துகொண்டன. சில இடத்தில் சிவப்பு தெரிந்தது. "எரியுதாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றார் வைஜெயந்தி. மருதாணியை அழிக்க முடியாது, அதனால் அதன் மேல் சேற்று நிறத்தைப் பூசினார். பூசியது மட்டும்தான் ஒப்பனை. அதன் பிறகு அந்தக் கால்கள் உப்புத் தண்ணீரில் இறங்கின. விரல்கள் சுருங்கின.

காட்சி முடிந்ததும் வைஜெயந்தி கேட்ட ஒரே கேள்வி: "சார், மருதாணி போயிடுச்சா?"

"இல்லம்மா, உள்ள இருக்குது. கழுவினா தெரியும்."

வரப்புக்குத் திரும்புவோம். வைஜெயந்தி பேனாவைப் பிடித்தபடி சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா சார்? எரிஞ்சது யாருக்கு?"

"அப்புறம் எதுக்கும்மா இதை எழுதுறீங்க?"

"நீங்க போட்டதுன்னே இருக்கட்டுமே சார். உங்களுக்கு ஒரு கப்பு, எனக்கு ஒரு சீலு. யாருக்கு என்னா நஷ்டம்?"

பாத்தியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வைஜெயந்தி வேகமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, "விருது குடுக்கிறப்போ அந்தக் காலை மறுபடியும் காட்டுவாங்களா சார்?" என்று கேட்டார்.

"மேடையில பெரிய திரை வெச்சிருப்பாங்க. காட்டுவாங்க."

"எம்மாம் பெருசு?"

தேவநாதன் கையை விரித்துக் காட்டினார். போதவில்லை. வரப்பின் நீளத்தைக் காட்டினார்.

வைஜெயந்தி அந்த வரப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. மேக்கப்புதானே" என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்கினார்.

6.

இனி முடிவுகள்.

முதல் முடிவு: தேவநாதன் மேடையேறுகிறார். ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த விருது என்னுடையதல்ல" என்கிறார். அரங்கம் எழுந்து நிற்கிறது. கடைசி வரிசையிலிருந்து வைஜெயந்தி—

கடைசி வரிசையில் வைஜெயந்திக்கு என்ன வேலை? யார் கூப்பிட்டது? போதாததற்கு, மேடையில் உண்மையைச் சொன்னால் தேவநாதனுக்குக் கைதட்டல் கிடைக்கும், வைஜெயந்தி சம்பந்தி வீட்டில் பொய்க்காரி ஆவார். இவர் நல்லவராவதற்கு அவர் அவமானப்பட வேண்டுமா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: விருது கிடைக்கிறது, சீல் வைத்த நகல் வருகிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அரங்கத்துத் திரையில் அந்த விரல்கள் வரப்பு நீளத்துக்குச் சுருங்குகின்றன, ஐந்நூறு பேர் கைதட்டுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். கைதட்டும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மூன்றாவது முடிவில் தேவநாதன் பஸ் நிறுத்தத்திலேயே கடிதத்தைக் கிழித்து—

அவர் கிழிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது.

7.

உறையைத் திறந்து காட்டிவிடுகிறேன். ஒரே தாள். முன்பக்கத்தில் வைஜெயந்தியின் எழுத்து, பெரிது பெரிதாக:

"ஐயா அவர்களுக்கு வணக்கம். டிவியில் வந்தது என் கால்தான். ஆனால் வெடிப்பு எல்லாம் தேவநாதன் சார் போட்ட மேக்கப். என் கால் நல்ல கால். இப்படிக்கு, க. வைஜெயந்தி."

பின்பக்கத்தில் பொடி எழுத்து, வேறு கை:

"ஐயா, முன்பக்கம் அவங்க எழுதினது. வெடிப்பு அவங்களோடது. அவங்க மூணு நாள் மெழுகு ஊத்தி மூடினதை நான் பத்து நிமிஷத்துல குச்சியால தோண்டி எடுத்தேன். மேல பூசின சேறு மட்டும் என்னோடது. எனக்கு இந்த விருது வேணும். இதை எழுதாம இருந்திருக்கலாம். பஸ்ல எழுதிட்டேன். கிழிச்சுப் போடலாம்னா முடியல, இந்தப் பக்கத்தைக் கிழிச்சா அவங்க கையெழுத்தும் கிழியுது. எந்தப் பக்கத்தைப் படிக்கணும்னு நீங்களே பாத்துக்குங்க."

(இந்த இரண்டு பக்கமும்தான் கதையில் நிஜம். மருதாணியும் சம்பந்தியின் போனும் பிரியதர்ஷினி கேட்டுச் சொன்னவை. வரப்பில் நடந்த பேச்சு, அந்தச் சிரிப்பு, திரை எவ்வளவு பெரிது என்ற கேள்வி எல்லாம் நான் பூசியது. நானும் ஒப்பனைப் பிரிவுதான்.)

இனி என் நிலைமை. உறை இன்னும் மற்ற இருவர் கைக்குப் போகவில்லை. சந்தேகத்தைக் கிளப்பியவர் முதலில் பார்க்கட்டும் என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருவரில் ஒருவர் இந்தக் காலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார், ஒருவர் வேறு பதிவுக்கு. பாக்கி நான். முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் ஒருவருக்கு விருது, ஒருவருக்குச் சீல், கூடவே பெரிய திரை. இரண்டு பக்கமும் கொடுத்தால் யாருக்கும் எதுவும் இல்லை, திரையும் இல்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற விஷயத்துக்கு மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

ஒன்றை மட்டும் மறைத்துக்கொண்டே வந்தேன். இந்தக் கதை ஒரு உறையிலிருந்து வந்தது என்று தொடக்கத்தில் சொன்னது முழு உண்மை இல்லை. அதற்கும் முன்னால் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. முதல் நாள், வாயைத் திறந்து சந்தேகம் கேட்பதற்கு முன்னால், பதினேழாம் எண்ணுக்கு எதிரே நான் பென்சிலால் எழுதியது இது: "ஏழாவது விநாடி, விரல் சுருங்கும் இடம். அபாரம். பத்துக்குப் பத்து."

அந்தப் பத்தை நான் எதற்குக் கொடுத்தேன் என்று இப்போது எனக்குத் தெரியும். "எரியுதாம்மா?" என்று நான் எழுதிய தேவநாதனாவது கேட்டார். நான் மார்க் போட்டேன்.

பென்சில் எழுத்துத்தான், அழிக்கலாம். ரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது. தாளின் கடைசிக் கட்டத்தில் 'ஒப்பனை செய்தவர் பெயர்' என்று அச்சிட்டு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அதை இன்னும் நிரப்பவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து மெழுகு ஊற்றியவர் ஒருவர், பத்து நிமிடம் குச்சி பிடித்தவர் ஒருவர்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தாளைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரியதர்ஷினி மறுபடி போன் செய்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், கடிதத்தின் இரண்டு பக்கமும் இப்போது உங்களுக்கும் தெரியும். தாளை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். பென்சிலும் ரப்பரும் அதன் மேலேயே இருக்கின்றன.

ஒப்பனை செய்தவர் பெயர்: